ஆல்டன்மூரில் யாரும் சாகவில்லை

தியாகராஜாவின் குடும்பத்துக்கு வல்வெட்டித்துறையில் 'ஆல்டன்மூர் வீட்டுக்காரர்' என்று பட்டப்பெயர். ஆல்டன்மூர் என்பது லண்டன் கம்பெனி ஒன்றின் சரக்குக் கப்பல். அதன் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடும் வேலைக்குச் சேர்ந்த அவருடைய அப்பா கதிரவேலு, மனைவியின் வயிற்றில் பிள்ளை இருந்த நேரத்தில் கொழும்பில் கப்பலேறினார். முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி அந்தக் கப்பலை அடித்து மூழ்கடித்தது. ஆள் திரும்பவில்லை. கப்பலின் பெயர் மட்டும் ஊருக்கு வந்து அந்த வீட்டின்மேல் ஏறிக்கொண்டது. பட்டப்பெயர் வைக்கிறவர்களிடம் இரக்கத்தை எதிர்பார்க்க முடியாது. பள்ளிக்கூடத்துக்குத் தியாகராஜா பிந்திப் போனால், "அந்தா, ஆல்டன்மூர் வந்திட்டுது!" என்று வகுப்பே கத்துமாம்.

அவர் வளர்ந்து ரயில்வேயில் சேர்ந்து, மாகோ, பொல்காவலை, வவுனியா என்று பல ஊர்களில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றார். மனைவி இறந்தார். வீட்டுக் கூரையில் ஷெல் விழுந்தது. லண்டனில் இருந்த மகள் சிவனேஸ்வரி அவரைக் கூப்பிட்டுக்கொண்டாள். எண்பத்தாறாம் ஆண்டிலிருந்து அவர் கோலியர்ஸ் வுட்டில் மகளோடும் மருமகன் பாலேந்திராவோடும் இருந்தார். புதன்கிழமைகளில் எங்கள் தமிழ் முதியோர் மன்றத்துக்கு வருவார். மன்றத்தின் மினிபஸ்ஸை நான் ஓட்டினேன். அப்படித்தான் பழக்கம்.

அவரை நல்லவர் என்று ஒரே சொல்லில் எழுதிவிட எனக்கு மனமில்லை. பஸ்ஸில் முன் ஜன்னல் இருக்கை தனக்கென்று வைத்திருந்தார். முழங்கால் நோவுள்ள ஒரு பெண் அதில் உட்கார்ந்தபோது வழி முழுவதும் நின்றுகொண்டே வந்து எல்லோரையும் குற்றவாளிகளாக்கினார். மகளின் சமையலை அவர் புகழ்ந்து நான் கேட்டதில்லை. மன்றத்துத் தேநீரை "கழுவின தண்ணி" என்பார், இரண்டாவது கோப்பையும் கேட்பார். ஆனால் ஒரு விஷயத்தில் அவர் தளர்ந்ததே இல்லை. வைகாசி வளர்பிறைத் தசமி அவருடைய அப்பாவின் திதி. எந்த ஸ்டேஷனில் இருந்தாலும் அன்று லீவு எடுத்து விரதம் இருந்து, ஐயரை அழைத்துத் திவசம் செய்வார். லண்டனுக்கு வந்த பிறகும் அப்படியே.

அந்தத் திதிக்குள் அவருக்கு ஓர் ஆறுதல் இருந்தது. அவர் பிறந்தது பங்குனியில். பிள்ளை பிறந்த உடனே அம்மா கொழும்பில் இருந்த கப்பல் ஏஜெண்டுக்குத் தந்தி அடிப்பித்தார். திதிப்படி அப்பா இறந்தது வைகாசியில். ஆகவே இடையில் எங்கேயோ ஒரு துறைமுகத்தில் தந்தி அவர் கைக்குப் போயிருக்கும். "உன்ரை அப்பா நீ பிறந்ததைக் கேட்டுச் சிரிச்சுப்போட்டுத்தான் போனவர்" என்று அம்மா சொல்லிச் சொல்லியே அவரை வளர்த்தார். தகப்பனைக் கண்ணால் பார்க்காத பிள்ளைக்கு, தகப்பன் தன்னைக் காதால் கேட்டார் என்பது பெரிய சொத்து. அவர் அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரலில் இருந்த அதிகாரம் கொஞ்சம் குறையும்.

எண்பத்தெட்டாம் ஆண்டுக் கோடையில் மன்றத்துக்காரர்களைத் தேம்ஸ் கரையில் இருந்த ஒரு சிறிய கப்பல் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனோம். இடத்தைத் தெரிவு செய்ததற்கு உயர்ந்த காரணம் எதுவும் இல்லை. முதியோருக்கு நுழைவு இலவசம், கழிப்பறை கீழ்த்தளத்தில் இருந்தது.

அங்கே எல்லோரையும் இழுத்தது நீர்மூழ்கிக் காட்சிதான். ஓர் இருட்டறை. நடுவில், மேலிருந்து இறங்கும் குழாய். நீர்மூழ்கிக்குள் இருந்தபடி கடலின் மேற்பரப்பைப் பார்க்கும் பெரிஸ்கோப்பின் மாதிரி அது. கண்ணை வைத்தால் வர்ணம் தீட்டிய கடலும், அதில் மெல்ல நகரும் ஒரு தகரக் கப்பலும் தெரியும். குழாயின் பக்கத்தில் சிவப்புப் பொத்தான். அழுத்தினால் வெள்ளைக் கோடு ஒன்று தண்ணீரில் ஓடும், "டும்" என்று சத்தம் வரும், கப்பல் சரிந்து அடியில் உள்ள வெட்டுக்குள் இறங்கிவிடும். பார்த்திருப்பவர்கள் கைதட்டுவார்கள். சீருடை அணிந்த பணியாளர் ஒருவர் பக்கத்தில் நின்று ஒரு கைப்பிடியைச் சுற்றிக் கப்பலை மறுபடி மேலே கொண்டுவருவார். அடுத்த ஆள்.

இந்த விளையாட்டை அமைத்தவர் எதையும் யோசித்ததாகத் தெரியவில்லை. பார்க்க வருகிறவன் கொல்கிறவனின் கண்ணால் மட்டும்தான் பார்க்க முடியும். கப்பலுக்குள் இருந்து வெளியே பார்க்க அங்கே துளையே வைக்கவில்லை.

எங்கள் ஆட்களும் வரிசையில் நின்றார்கள். யாழ்ப்பாணத்தில் சுங்கக் கிளார்க்காக இருந்த செபமாலைமுத்து முதல் அடியிலேயே கப்பலைத் தாழ்த்திவிட்டுக் குதித்தார்.

"கண்டீங்களோ! ஒரே அடி! என்னைச் சேர்க்காமல் விட்டதாலைதான் ஜெர்மன்காரன் தோத்தவன்!"

"உம்மைச் சேர்த்திருந்தால் அவன் இன்னும் கெதியாத் தோத்திருப்பான் காணும்" என்றார் பின்னால் நின்ற கமலாம்பிகை. அந்த முழங்கால் நோவுக்காரர் இவர்தான். "தள்ளும். என்ரை முறை."

தியாகராஜா அவருக்குப் பின்னால் நின்றார். காத்திருந்த நேரத்தில் சுவரில் இருந்த விளக்கப் பலகையை வாசித்தார். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர் எந்தப் பலகையையும் வாசிக்காமல் விடமாட்டார். பிறகு அவர் வரிசையை விட்டு விலகினார்.

"அண்ணை, உங்கடை முறை" என்று கமலாம்பிகை கூப்பிட்டதை அவர் கேட்கவில்லை.

பலகையில் ஆல்டன்மூர் என்று இருந்தது. கம்பெனி, தான் இழந்த அந்தக் கப்பலின் கதையைக் காட்சிக்குக் கொடுத்திருந்தது; தகரக் கப்பல் அதன் மாதிரி. பலகையில் எழுதியிருந்ததன் சாரம் இது: 1917 பெப்ரவரியில் ஜெர்மனி, எச்சரிக்கை கொடுக்காமலே வணிகக் கப்பல்களை மூழ்கடிக்கத் தொடங்கியது. அதுவரை கப்பலை நிறுத்தி, ஆட்களைப் படகில் இறங்கவிட்டு, அதன் பிறகே அடிக்க வேண்டும் என்று ஒரு வழக்கமாவது இருந்தது. அந்த மாதத்தின் நடுவில் அயர்லாந்துக்கு அப்பால் ஆல்டன்மூரின் இயந்திர அறையில் டார்பிடோ பாய்ந்தது. கப்டன் மிகுந்த நிதானத்துடன் படகுகளை இறக்கினார். உயிரிழப்பு எதுவும் இல்லை.

உயிரிழப்பு எதுவும் இல்லை. அச்சடித்து, கண்ணாடி போட்டு, விளக்கும் கொடுத்திருந்தார்கள்.

திரும்பும் வழியில் அவர் முன் ஜன்னல் இருக்கைக்குப் போகவில்லை. பின்னால் போய் உட்கார்ந்தார். கோலியர்ஸ் வுட் வந்ததும் இறங்காமல் என்னிடம் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இயந்திர அறையிலை குண்டு பாய்ஞ்சது எண்டு எழுதிப்போட்டு, ஆரும் சாகேல்லை எண்டு எப்பிடி எழுதலாம்? இயந்திர அறையிலை ஆர் இருந்தது, காத்தோ?"

இரண்டு கிழமைக்குள் அவர் அருங்காட்சியகப் பொறுப்பாளரைச் சந்திக்க நேரம் வாங்கிவிட்டார். சிவனேஸ்வரி வேலைக்கு அரைநாள் லீவு போட்டுக்கொண்டு கூடப் போனாள். தகப்பன் யாரிடமாவது சத்தம் போட்டுவிடுவாரோ என்று அவளுக்குப் பயம். அங்கே நடந்ததை அவளே எனக்குச் சொன்னாள்.

பொறுப்பாளர் பென்ரோஸ் மிகவும் மரியாதையான மனிதர். தேநீர் கொடுத்தார். பால் எவ்வளவு என்று கேட்டார். "பலகையில் உள்ளது கம்பெனியின் பதிவை வைத்து எழுதியது. அதிகாரிகள், மாலுமிகள் எல்லோரும் கரைசேர்ந்தார்கள்" என்றார்.

"கரி போட்டவர்கள்?" என்று தியாகராஜா கேட்டார். அவருடைய ஆங்கிலம் பழைய பள்ளிக்கூட ஆங்கிலம், மடிப்புக் கலையாதது.

"ஆசியத் தொழிலாளர்களின் ஒப்பந்தம் வேறு. அவர்களுடைய பதிவு கப்பலின் பதிவோடு சேர்ந்திருக்காது. வேறு துறைமுகத்தில் இருந்திருக்கலாம். இப்போது இல்லை."

"நான் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன். தண்டவாளத்தில் ஒரு மாடு அடிபட்டால் என்ன நிறம், யாருடைய மாடு என்று எழுதி மேலே அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் எனக்கு விளக்கம் கேட்டு ஆணை வரும். அந்தச் சட்டத்தை எங்களுக்குச் செய்து தந்ததும் உங்கள் ஆட்கள்தான்."

"அப்பா, மெதுவா" என்றாள் சிவனேஸ்வரி தமிழில்.

"நான் மெதுவாத்தான் கதைக்கிறன். உரத்துக் கதைச்சால் கண்ணாடி உடையும்."

பென்ரோஸ் பேனாவை எடுத்தார். உங்கள் தந்தையின் பெயர், அந்தக் கப்பலில் இருந்தார் என்பதற்கு ஆதாரம், இறந்த தேதி, ஏதாவது இருந்தால் கம்பெனியிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். பத்திரங்கள் இருந்த அலுமாரி கூரையோடு எரிந்துபோனது என்று தியாகராஜா சொன்னார். ஊரே தன்னை அந்தக் கப்பலின் பெயரால் கூப்பிட்டது என்றார். பென்ரோஸ் மெல்லத் தலையை அசைத்தார். பட்டப்பெயர் எந்த நாட்டிலும் பத்திரமாகாது.

"தேதி இருக்கிறது" என்றார் தியாகராஜா. "எங்கள் வீட்டில் எழுபது வருஷமாகத் தவறாமல் செய்கிறோம்."

யாழ்ப்பாணத்தாருக்குச் செத்தவர்களின் ஆங்கிலத் தேதி நினைவில் நிற்காது. திதிதான் நிற்கும். மாதம், பிறையின் பக்கம், எத்தனையாவது நாள், அவ்வளவுதான் கணக்கு. கணக்காளரான பாலேந்திரா பழைய பஞ்சாங்கம் ஒன்றை நோர்பரியில் இருந்த ஐயரிடம் இரவல் வாங்கி, 1917ஆம் ஆண்டு வைகாசி வளர்பிறைத் தசமியை ஆங்கிலத் தேதியாக்கிக் கொடுத்தான். மே மாதக் கடைசி வந்தது. தியாகராஜா பெப்ரவரியை மறந்துவிட்டார் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் அந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. ஒன்று பலகையில் இருந்தது. மற்றது நெஞ்சில் இருந்தது. நாம் எல்லோரும் இப்படித்தான் ஒன்றோடொன்று சேராத இரண்டு விஷயங்களை வேறு வேறு அறைகளில் வைத்துக் காலம் தள்ளுகிறோம். யாராவது வந்து நடுச்சுவரை இடிக்கும்வரை.

ஒக்டோபரில், இரண்டாவது சந்திப்பில், பென்ரோஸ் இடித்தார். மிகவும் மரியாதையாக.

"மிஸ்டர் தியாகராஜா, நீங்கள் தந்த தேதிக்கு நன்றி. ஆனால் கப்பல் மூழ்கியது பெப்ரவரியில். உங்கள் தந்தை இறந்தது மே மாதத்தில் என்று நீங்களே சொல்கிறீர்கள். ஆகவே அவர் கப்பலோடு இறக்கவில்லை." சிறிது முன்னால் சாய்ந்து, ஆறுதல் சொல்கிற குரலில் தொடர்ந்தார். "யோசித்துப் பாருங்கள், இது ஒரு நல்ல செய்தி. அவர் தப்பியிருக்கிறார். பல மாதங்கள் உயிரோடு இருந்திருக்கிறார். பிறகு ஏதோ நோயில் காலமாகியிருக்கலாம். நாங்கள் பலகையில் எழுதியதும் சரி. உங்கள் தேதியும் சரி."

சிவனேஸ்வரிக்கு அது அழகான வழியாகத் தெரிந்தது. "அப்பா, இவர் சொல்லுறதை எடுங்கோ. அப்பப்பா தப்பியிருக்கலாம்தானே? அப்பிடியெண்டால் தந்தியும் கிடைச்சிருக்கும். எல்லாம் சரியா வருது."

தியாகராஜாவின் தேநீரில் ஆடை படிந்தது.

தூர தேசத்தில் ஒருவர் செத்து, செத்த நாள் தெரியாவிட்டால், செய்தி காதில் விழுந்த நாளைத் திதியாக எடுப்பது எங்களிடம் உள்ள வழக்கம். ரங்கூனில் செத்தவர்களுக்கும் மலாயாவில் செத்தவர்களுக்கும் வேறு வீடுகளில் அப்படிச் செய்ததை அவர் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். தன் வீட்டிலும் அதுவே நடந்திருக்கும் என்று ஒருபோதும் நினைத்ததில்லை. வைகாசியில் ஏஜெண்டின் ஆள் வந்து வாசல் படலையில் நின்று, கப்பல் போய்விட்டது என்று சொன்னான். எப்போது போனது என்று அவன் சொல்லவில்லை. கைக்குழந்தையோடு நின்ற பெண் அதைக் கேட்கவும் இல்லை. அன்றே முழுகி, தாலியைக் கழற்றினாள். அந்த நாள் திதியானது. பங்குனியில் பிள்ளை பிறந்தபோது, தந்தி அடித்தபோது, அந்த மனிதர் கடலின் அடியில் கிடந்தார். எந்தத் துறைமுகத்திலும் யாரும் எதையும் கேட்டுச் சிரிக்கவில்லை.

பென்ரோஸ் நீட்டியதை வாங்கிக்கொண்டால் அந்தச் சிரிப்பைக் காப்பாற்றிக்கொள்ளலாம். விலை ஒன்றுதான். ஆல்டன்மூரில் யாரும் சாகவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

"அது செய்தி கேட்ட நாள்" என்றார் தியாகராஜா கடைசியில். "எங்கள் வழக்கம் அது. நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன். என் மே மாதத்தை விட்டுவிடுகிறேன், மிஸ்டர் பென்ரோஸ். அப்பா பெப்ரவரியில் செத்தார். நான் பிறக்க முன்னமே. இப்போது உங்கள் பலகையை மாற்றுங்கள்."

பென்ரோஸ் வருத்தத்தோடு கையை விரித்தார். ஆதாரமாகத் தந்த தேதியைத் தந்தவரே திரும்ப எடுத்துக்கொண்டால், தன்னிடம் என்ன மிஞ்சுகிறது என்று கேட்டார்.

இந்த இடத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. பென்ரோஸ் பொய்யர் இல்லை. கம்பெனிக்காரனும் பொய் எழுதியிருக்கமாட்டான். ஒருவனைப் பற்றிப் பொய் எழுதுவதற்குக்கூட அங்கே ஒருவன் இருந்தான் என்று முதலில் நினைக்க வேண்டும். டார்பிடோ விட்டவனுக்குக் கப்பல் ஓர் உருவமாகத் தெரிந்தது. கணக்கு எழுதினவனுக்கு இயந்திர அறை வெறும் இயந்திர அறையாகத் தெரிந்தது. எழுபது ஆண்டு கழித்துத் தேநீர் கொடுத்தவருக்கு ஆதாரம் இல்லாத ஒரு கிழவர் தெரிந்தார். ஜெர்மன்காரன் எச்சரிக்கை கொடுக்கவில்லை என்று பலகையில் கோபமாக எழுதத் தெரிந்தவர்களுக்கு, யாருக்கு எச்சரிக்கை கொடுக்கவில்லை என்று கேட்கத் தெரியவில்லை. அதையும் பிள்ளைகளுக்குப் பொத்தான் வைத்துக் காட்டினார்கள்.

அந்த மாரிகாலம் முழுவதும் தியாகராஜா மன்றத்தில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. செபமாலைமுத்து ஒருநாள் கேட்டுவிட்டார்.

"என்ன அண்ணை, தேத்தண்ணியைக்கூட ஏசாமல் குடிக்கிறியள்? எங்களுக்குப் பயமாக் கிடக்கு."

அப்போதுதான் அவர் எல்லாவற்றையும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த கமலாம்பிகையின் முகம் மாறியது.

"ஐயோ அண்ணை, நான் அண்டைக்கு அந்தப் பொத்தானை ரெண்டுதரம் அமத்தினனான்."

"நீங்கள் தெரியாமல் அமத்தினியள். அது குற்றமில்லை."

"நான் குதிச்சும் போட்டன்" என்றார் செபமாலைமுத்து. வழக்கமான சிரிப்பு வரவில்லை. "இப்ப என்ன செய்யிறது? கவுன்சிலருக்குச் சொல்லுவமோ?"

"ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம். மாசித் தேய்பிறை நவமிதான் அவர்ரை உண்மையான நாள். பலகையிலை இருந்த தேதிக்குப் பாலேந்திரா கணக்குப் பார்த்துச் சொல்லிப்போட்டார். வாற நவமி ஒரு புதன்கிழமையிலை வருது. அண்டைக்கு ஒரு நாள் அந்தக் கப்பல் தாழக்கூடாது. எனக்கு அவ்வளவுதான் வேணும்."

"அதுக்கு அவையள் விடுவினமோ?"

"ஆரையும் கேக்கத் தேவையில்லை. அங்கை ஒரு பலகை இருக்கு. ஆளுக்கு மூண்டு நிமிஷம், வரிசையாக வரவும் எண்டு எழுதிக் கிடக்கு. பொத்தானை அமத்தத்தான் வேணும் எண்டு எழுதேல்லை." அந்தப் பலகையையும் அவர் வாசித்திருந்தார்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு மார்ச் தொடக்கத்தில் அந்தப் புதன் வந்தது. காலையில் வீட்டில் திவசத்தை முடித்துவிட்டு, நெற்றியில் விபூதியோடும் மேலே பெரிய குளிர் கோட்டோடும் தியாகராஜா பஸ்ஸில் ஏறினார். முன் ஜன்னல் இருக்கையில் கமலாம்பிகையை உட்காரச் சொன்னார். பஸ் நிறைந்திருந்தது. வழக்கமாக மன்றத்துக்கு வராத சிலர்கூட வந்திருந்தார்கள்.

அருங்காட்சியகம் திறந்ததும் நேரே இருட்டறைக்குப் போய் வரிசையாக நின்றோம். முதல் ஆள் தியாகராஜா. அவர் அந்தக் குழாயில் கண் வைத்தது அன்றுதான் முதல்தடவை. மூன்று நிமிடமும் அசையாமல் பார்த்தார். பொத்தான் பக்கம் கை போகவில்லை. சீருடைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். தியாகராஜா விலகி வந்து வரிசையின் கடைசிக்குப் போனார்.

"என்ன தெரியுது அண்ணை?" என்று மெல்லக் கேட்டார் செபமாலைமுத்து.

"வெளியாலை வர்ணம் அடிச்சு வைச்சிருக்கினம். கரி போடுற இடம் எங்கை எண்டு தெரியேல்லை."

அடுத்தது கமலாம்பிகை. அதற்கடுத்தது இன்னொருவர். ஒவ்வொருவரும் தன் நேரம் முழுவதையும் எடுத்துக்கொண்டு, கப்பலைப் பார்த்துவிட்டு, அழுத்தாமல் விலகி, மறுபடி வரிசையின் கடைசிக்குப் போனார்கள். கப்பல் மிதந்துகொண்டே இருந்தது. சீருடைக்காரர் கைப்பிடியில் கையை வைத்தபடி நின்றார். சுற்ற எதுவும் வரவில்லை.

"பொத்தானை அழுத்தலாம், சேர்" என்று அவர் செபமாலைமுத்துவுக்கு உதவி செய்தார்.

"நன்றி. எனக்குத் தெரியும்" என்றார் செபமாலைமுத்து. பிறகு குழாயிலிருந்து கண்ணை எடுக்காமலே தமிழில், "ஆராவது என்ரை கையைப் பிடியுங்கோ. விரல் தன்ரை பாட்டிலை போகுது" என்றார்.

"தொட்டீர் எண்டால் உம்மை நானே தாழ்ப்பன்" என்றார் கமலாம்பிகை.

பத்து மணிக்குமேல் ஒரு பள்ளிக்கூட வகுப்பு வந்தது. பிள்ளைகள் வரிசையைப் பார்த்துச் சலித்தார்கள். ஆசிரியை முன்னால் வந்து, நீங்கள் ஏன் அழுத்தாமல் போகிறீர்கள், இயந்திரம் பழுதா என்று கமலாம்பிகையிடம் கேட்டாள். கமலாம்பிகையின் ஆங்கிலம் கடைக்குப் போய்வரும் அளவுதான்.

"பீப்பிள் இன்சைட், மிஸ்" என்றார், தகரக் கப்பலைக் காட்டி.

அந்தப் பெண் கப்பலைப் பார்த்தாள். எங்கள் வரிசையைப் பார்த்தாள். பிறகு பிள்ளைகளை வேறு அறைக்குக் கூட்டிப்போனாள். அவளுக்கு என்ன விளங்கியது என்று எனக்குத் தெரியாது. அதிகம் விளங்கியிருக்கும் என்று எழுத எனக்கு உரிமையில்லை.

பூட்டும் நேரம் நெருங்கியபோது பென்ரோஸ் வந்தார். சீருடைக்காரர் அவரிடம் ஏதோ சொன்னார். பென்ரோஸ் தியாகராஜாவைக் கண்டுகொண்டார், நேரே முன்னால் வந்தார்.

"மிஸ்டர் தியாகராஜா, இதற்கு என்ன அர்த்தம்?"

"காட்சியைப் பார்க்கிறோம். மிகவும் நன்றாக இருக்கிறது." தியாகராஜா கையால் பின்பக்கம் காட்டினார். "வரிசையின் முடிவு அங்கே இருக்கிறது, சேர்."

அந்த நாட்டுக்காரரால் வரிசை என்ற வார்த்தையை மீற முடியாது. பென்ரோஸ் ஒரு கணம் நின்றார். அவருடைய சொந்த அருங்காட்சியகத்தில், சொந்தப் பலகையின் கீழ், அவர் போய் வரிசையின் முடிவில் நின்றார். அவருக்கு முன்னால் முழங்கால் நோவோடு கமலாம்பிகை நின்றார். பென்ரோஸின் முகத்தில் அப்போதும் கோபம் இல்லை, சங்கடம்தான். அவருடைய முறை வருவதற்குள் பூட்டும் மணி அடித்தது. சீருடைக்காரர் பழக்கத்தில் கைப்பிடியைச் சுற்றப் போனார். கப்பல் மேலே நின்றது. கையை எடுத்துக்கொண்டார்.

தியாகராஜா அந்தப் பலகையின் முன்னால் போய் நின்று, பென்ரோஸ் காதில் விழும்படி, ஆங்கிலத்தில் சொன்னார்: "கதிரவேலு. கரி போட்டவர். நாளை நீங்கள் வழக்கம்போல மூழ்கடிக்கலாம்."

இதை வெற்றி என்று எழுதமாட்டேன். கோடைக்கு முன்பு நான் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். பலகையில் அந்தக் கடைசி வாக்கியத்தின்மேல் வெள்ளை வர்ணம் பூசியிருந்தது. கதிரவேலுவின் பெயர் இல்லை. யாராவது செத்தார்கள் என்றும் இல்லை. பொய்யை எடுத்தார்கள், அந்த இடத்தில் வைக்க உண்மையைத் தேடவில்லை. பொத்தான் அப்படியே இருந்தது. ஒரு குடும்பம் கைதட்டியது. சில வருடங்களில் அருங்காட்சியகமும் மூடப்பட்டது. இப்போது அந்தக் கட்டடத்தில் ஆற்றைப் பார்க்கும் ஜன்னல்கள் வைத்த விலை உயர்ந்த வீடுகள் இருக்கின்றன.

நான் கண்டதைத் தியாகராஜாவிடம் சொன்னேன்.

"வெள்ளை பூசினவையோ? சரி. ஆரும் சாகேல்லை எண்டு இனி எழுதிக் கிடக்காது. அது காணும், அது போதும்." பிறகு, "காணாது. ஆனா எனக்கு எழுபத்திரண்டு வயது" என்றார்.

அந்த ஆண்டு ஜூனில் வைகாசி வளர்பிறைத் தசமி வந்தது. மாசியில் திவசம் முடிந்துவிட்டது என்று தெரிந்தாலும் சிவனேஸ்வரிக்கு மனம் கேட்கவில்லை. அதிகாலையில் எழுந்து குளித்து, அடுப்பைத் துடைத்து, மரக்கறி நறுக்கத் தொடங்கியிருந்தாள். தகப்பன் குசினி வாசலில் வந்து நின்றார்.

"என்ன பிள்ளை செய்யிறாய்?"

"இண்டைக்குத் தசமி, அப்பா. ரெண்டு நாளையும் செய்தால் என்ன குறையும்? அப்பப்பா கேட்டிருக்கக்கூடும் எண்டு நினைச்சுக்கொண்டாவது…"

"அவர் கேக்கேல்லை" என்றார் தியாகராஜா. "அவர் ஒண்டும் கேக்கேல்லை. நான் பிறக்க முன்னமே அவரைக் கொன்றுபோட்டாங்கள். அதை ஒத்துக்கொண்டுதான் அந்தப் பலகையிலை வெள்ளை பூசுவிச்சனான். இனி நான் இஞ்சை வீட்டிலை இருந்து மாத்திச் சொல்ல ஏலாது."

அவள் கத்தியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"இண்டைக்கு ஒரு சாதாரண நாள். டூட்டிங்கிலை அறக்குளா மீன் வந்திருக்கும். பாலேந்திராவை வாங்கிவரச் சொல்லிக் குழம்பு வை."

வீட்டில் எழுபது வருடமாக விரதம் இருந்த நாளில், மத்தியானம் அவர் மேசையில் உட்கார்ந்து மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டார். புளி கூடிப்போச்சு என்றார். இரண்டாம்முறை போடச் சொன்னார்.